ஒரு கீறல் விழாமல்

சார், இந்த ஊரில் தேங்காய் எண்ணெயைத் தலையில் தேய்க்கிறார்கள், மீன் பொரிக்கிறார்கள், குழந்தையின் வயிற்றில்கூடத் தடவுகிறார்கள். ஸ்டிக்கரைப் பிய்த்த இடத்தில் மிஞ்சி நிற்கும் பசைக்கு அதைப்போல ஒரு மருந்து கிடையாது என்பதை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. பத்து நிமிடம் பூசி வைத்துவிட்டு, பழைய பனியன் துணியால் வட்டமாகத் துடைத்தால் பசை சுருண்டு சுருண்டு வந்துவிடும். அவசரப்பட்டு நகத்தால் சுரண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். ஆனால் கிட்டாரிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர், மலையாளத்தில் எழுதினால் சௌகரியம் என்றார். மலையாளத்தில் நான் இதுவரை கல்லூரி மேடைக்குத்தான் எழுதியிருக்கிறேன்; என்ன எழுதினாலும் கடைசியில் கைதட்டுக்கு இடம் விட்டுவிடுவேன். அது வேண்டாம் என்று பார்க்கிறேன். தமிழிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்க்க ஆள் தேடவேண்டாம். தமிழர்கள் நிறைந்த கரமனைப் பக்கம் போய் எந்தத் தெருவில் கைதட்டினாலும் நாலு பேர் வருவார்கள்.

என் பெயர் பிரஜின். வயது இருபத்தொன்று. சொந்த ஊர் பாறசாலைக்கு அப்புறம், எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். பி.ஏ. மூன்றாம் வருடம். தம்பானூரில் ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடியில் மாத வாடகைக்கு இருக்கிறேன். கல்லூரியில் யாரையாவது கேலி செய்து நோட்டீஸ் வந்தால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

கிட்டார் ஷாஜியுடையது. ஷாஜி என் வகுப்பு. சபையிலும் ஒரே பாடகர் குழு. அவன் அப்பா தாசையன் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கிட்டார் அது. முன்பலகை வெளுத்த மரம், மேலே நிறமில்லாத வார்னிஷ் மட்டும். வாங்கி வந்த மாதமே அதில் ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்துவிட்டான். எங்கள் பக்கத்துச் சபைகளில் கன்வென்ஷன் நடந்தால் வாசலில் ஸ்டிக்கர் விற்பார்கள். புறா, விளக்கு, ஆட்டுக்குட்டி, ஒரு பைபிள் வசனம், கீழே ஊர்ப் பெயரும் வருடமும். எங்கே போய் வாசித்தாலும் ஷாஜி ஒன்று வாங்கி ஒட்டிவிடுவான். மார்த்தாண்டம், காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, கருங்கல் என்று இருபத்திரண்டு ஸ்டிக்கர். ஒவ்வொன்றையும் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குக் காட்டி, அன்றைக்கு என்ன பாடினோம், யார் வீட்டில் சாப்பிட்டோம், மீன் குழம்பு எப்படி இருந்தது என்றெல்லாம் சொல்லுவானாம்.

அவன் அம்மா ஜெயஷீலா டீச்சர். தமிழ் மீடியத்தில் நாலாம் வகுப்பு எடுக்கிறார். ஷாஜி போன வருடம் ஆகஸ்டில் விழிஞ்ஞத்தில் கடலில் மூழ்கி இறந்தது உங்கள் ஃபைலில் இருக்கும். சனிக்கிழமை காணாமல் போனான், திங்கட்கிழமை காலையில் கரையேறினான். கிட்டார் சபை ஹாலில், எப்போதும் வைக்கும் மூலையில், கவருக்குள் இருந்தது. காலையில் பாட்டுப் பயிற்சி பத்து மணிக்கு முடிந்தது, கிட்டாரை அங்கேயே வைத்துவிட்டுத் தனியாகக் கடலுக்குப் போயிருக்கிறான் என்று உங்களுக்கு முன்னால் இருந்த சார் எழுதி முடித்தார். நல்ல கையெழுத்து அவருக்கு.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய இருநூறு பேர் இருந்தார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்குகிற நேரம். டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"எம்பிள்ள தனியா ஒரு சாயா குடிக்க மாட்டான். கூட ஒருத்தன் இல்லாம கடைக்குக் கூடப் போவ மாட்டான். அவன் தனியா கடலுக்குப் போனான்னு சொல்லுதிய. நீதாம்லே கூட்டிட்டுப் போனது. சொல்லு. நீதானே?"

"நான் சாலை பஜாருல பிரஸ்ஸுல இருந்தேன் டீச்சர். பின்னே ரூமுக்குப் போயாச்சு."

கன்னத்தில் அறைந்தார். நாலாம் வகுப்பு எடுக்கிற கை, குறி தப்பவில்லை.

ஒருவன் தனியாக டீ குடிக்காதது எந்தக் கோர்ட்டிலும் சாட்சியம் ஆகாது. ஆனால் இருநூறு பேருக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் என் நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தான். போதகர் என் தோளில் கை வைத்து, கொஞ்ச நாள் வேறு சபைக்குப் போனால் எல்லாருக்கும் சமாதானமாக இருக்கும் என்றார். விஷயம் பாறசாலை பஸ்ஸில் ஏறி எங்கள் ஊருக்கும் போயிற்று. என் அம்மா பாட்டுப்புத்தகம் வைத்திருந்த முன் பெஞ்சை விட்டு, கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்ததில் அவளே புரிந்துகொண்டாள். எனக்கு விழுந்த அறை அரை நிமிடத்தில் ஆறிவிட்டது. அந்தக் கடைசி பெஞ்சு ஆறவில்லை. சார், ஒரு மனிதனைப் பழிவாங்குகிறவனாக ஆக்குவது பெரிய காரியங்கள் அல்ல. அம்மா உட்கார்ந்திருக்கும் இடம் மாதிரிச் சின்னக் காரியங்கள்தான்.

நான் எதுவும் செய்யவில்லை. காத்திருந்தேன்.

அந்த ஒரு வருடமும் டீச்சர் என்ன செய்தார் என்பதைப் பிறகு அவர் வாயாலேயே கேட்டேன். கிட்டாரைக் கவரிலிருந்து எடுத்து, கிழக்கு ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியில், ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி சாய்த்து வைத்திருக்கிறார். காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன் வெயில் அதன்மேல் நேராக விழுமாம். அப்போது ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது இந்த ஊர், அன்றைக்கு அவன் வந்து இதைச் சொன்னான் என்று சொல்லிப் பார்ப்பாராம். ஃபோட்டோவைப் பார்த்தால் அழுகை வருகிறது, இதைத் தொட்டால் அவன் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். இதை எதற்காக என்னிடம் சொன்னார் என்று அன்றைக்கு யோசித்தேன். ஒருவரை எங்கே தொட்டால் வலிக்கும் என்பதை அவரே வந்து சொல்லித் தருவது எப்போதும் நடப்பதல்ல.

அவர் என் லாட்ஜுக்கு வந்தது இந்த ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு. மூன்று மாடி ஏறி, கையில் நேந்திரங்காயில் வறுத்த உப்பேரிப் பொட்டலமும் தோளில் கிட்டாரும். எங்கள் சபைகளில் ஒரு முறை உண்டு. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்க்காமல் திருவிருந்து எடுக்கக் கூடாது. முக்கால்வாசிப் பேர் மனத்தாங்கலை மனதிலேயே வைத்துக்கொண்டு அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்கிவிட்டு வந்துவிடுவார்கள். டீச்சர் அப்படிப்பட்டவர் அல்ல. ஒரு வருடமாகத் திருவிருந்து எடுக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். ஷாஜியின் வருட நினைவு ஆராதனையில் எடுக்கவேண்டும் என்று ஆசை. அதற்கு முன் என்னோடு ஒப்புரவாக வேண்டும்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்.

"நான் கண்டு சொன்னதில்ல மக்கா. தோணிச் சொன்னது. அத்தன ஆளு முன்னால உன் மேல கை வச்சது தப்பு. உன் அம்மையையும் நெனச்சேன். நீ என்னெ மன்னிக்கணும்."

"அய்யோ, என்ன டீச்சர் இது. நான் அத எப்பவோ மறந்தாச்சு."

"இல்ல. வாயால சொல்லணும். மன்னிச்சேன்னு சொல்லு."

"மன்னிச்சேன் டீச்சர்."

கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஒரு உப்பேரி எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. வீட்டிலேயே பொரித்தது போல.

அதன்பிறகு கிட்டாரைக் கவரிலிருந்து எடுத்தார். "நினைவு ஆராதனைக்கு நீதான் வாசிக்கணும். அவன் பாட்டு உனக்குத்தானே தெரியும். கம்பி ரெண்டு பொட்டிப் போச்சு, மாத்திப் போடு. பின்னே இந்த ஒரு ஸ்டிக்கரு ஓரம் எளகி நிக்குது. லேசாப் பசை தேச்சு ஒட்டிக் குடு. வேற ஒண்ணும் செய்யண்டாம்."

அவர் விரல் வைத்த இடத்தில் இருபத்துமூன்றாவது ஸ்டிக்கர் இருந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சக்கை, அதாவது பலாப்பழம்.

"மத்தது இருபத்திரெண்டும் எனக்கு மனப்பாடம். இது மட்டும் எவிடத்ததுன்னு தெரியல்ல. வசனமும் இல்ல, ஊரும் இல்ல. சக்கைக்கு எதுக்குக் கண்ணாடி? நீ கண்டிருக்கியா?"

"இல்ல டீச்சர். ஏதாவது கல்யாண வீட்டுல பிள்ளைகள் ஒட்டியிருக்கும்."

"அவன் கூட்டுக்காரம்மாரு எல்லாரும் வாறாவ. ஆர்ஷாவும் வாறா. அண்ணைக்கி எல்லாருகிட்டயும் காட்டிக் கேக்கணும். அவன் கடைசியா ஒட்டினது இதாத்தான் இருக்கும்."

ஆர்ஷா எங்கள் வகுப்பு. கரமனைக்காரி. படம் வரைவாள். நான் எழுதுகிற குறும்புக்கெல்லாம் படம் அவளுடையது.

டீச்சர் படி இறங்கிப் போனதும் கிட்டாரைக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தேன். ஒரு வருடம் காத்திருந்தவனுக்கு மூன்று மாடி ஏறி வந்து கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை உடைக்கலாம் என்று ஒரு நிமிடம்கூட நான் நினைக்கவில்லை. உடைந்த கிட்டாரைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும். சுத்தமான கிட்டாரைப் பார்த்து யார் அழ முடியும்?

மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. கீழ்மாடி பியூட்டி பார்லரில் தலை உலர்த்துகிற டிரையரை இரவல் வாங்கினேன். எதற்கு என்று அந்த அக்கா கேட்டாள். துக்க வீட்டுக் காரியம் என்றேன். உடனே கொடுத்துவிட்டாள்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் கம்பிகளைக் கழற்றவேண்டும். டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஆட்டிக்கொண்டே, ஸ்டிக்கர் கைக்கு இளஞ்சூடாகிற வரைக்கும் காட்டவேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் வார்னிஷ் கொப்பளிக்கும். பிறகு ஓரத்தைக் கிளப்ப ஒரு தட்டையான பொருள். பிளேடு கூடவே கூடாது. நான் லாமினேட் செய்த என் பஸ் கன்செஷன் கார்டைப் பயன்படுத்தினேன். அந்தக் கார்டால் எனக்குக் கிடைத்த முழுப் பிரயோஜனம் அதுதான், கண்டக்டர்கள் அதை மதிப்பதே இல்லை. ஓரம் கிளம்பியதும் மேல்நோக்கி இழுக்காமல், படிந்த வாக்கில், தன்மேலேயே மடித்து மெதுவாக இழுக்கவேண்டும். மிஞ்சின பசைக்குத் தேங்காய் எண்ணெய். அதற்கும் மசியாததற்கு, சிகரெட் லைட்டரில் ஊற்றுகிற பெட்ரோல் இரண்டு சொட்டு, துணியில். முதலில் கழுத்துக்கு அடியில் யாரும் பார்க்காத இடத்தில் தொட்டுச் சோதிக்கவேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் வார்னிஷைத் தின்றுவிடும். பியூட்டி பார்லர் அக்கா ஒரு பாட்டில் ரிமூவர் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு இதையும் குறித்துக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம் புறா முதலில் வந்தது. முழுதாக வந்தது, இறகு கிழியாமல். கருங்கல் ஆட்டுக்குட்டி இரண்டாகக் கிழிந்தது, பழைய காகிதம். காட்டாக்கடை விளக்குக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. ஒவ்வொன்றும் கழன்று வரும்போது, டீச்சர் காலையில் அந்த இடத்தில் விரலை வைத்து என்ன சொல்லுவார் என்று நானே சொல்லிப் பார்த்தேன். இது இன்ன ஊர். இங்கே மீன் குழம்பு நன்றாக இருந்தது. சொல்லி முடித்ததும் அந்த ஊரை எடுத்து ஒரு பழைய பேப்பரில் போட்டேன். அம்மாவுடைய பெஞ்சை நினைத்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து செய்தேன்.

கடைசியாகச் சக்கை. அது சுலபமாக வந்துவிட்டது. ஒரு ஓரம் ஏற்கெனவே எழும்பி நின்றதல்லவா.

இருபத்துமூன்றையும் பேப்பரோடு சுருட்டி மொட்டைமாடியில் வைத்துக் கொளுத்தினேன். பிறகு கார் பாலிஷ் போட்டுத் துடைத்து, புதுக் கம்பி மாட்டி, கிட்டாரை ஜன்னலில் பிடித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஒரு வருட வெயிலில் பலகை தேன் நிறமாகப் பழுத்திருந்தது. ஸ்டிக்கர் இருந்த இடங்கள் மட்டும் பழுக்காமல், பழைய வெளுப்பிலேயே நின்றன. வட்டம், சதுரம், புறா வடிவம் என்று இருபத்துமூன்று வெளிறிய நிழல்கள். பாலிஷால் அது போகாது. வார்னிஷுக்குக் கீழே, மரத்திலேயே இருக்கிறது.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். சந்தோஷமாக இருந்தது. வெறும் பலகை கிடைத்தால் ஒருவர் பழகிக்கொள்வார். ஆள் எழுந்துபோன தடம் தினமும் காலை வெயிலில் தெரிந்தால் பழக முடியாது. அந்தத் தடத்தையும் அவர் கையாலேயே, ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, அவரே பதித்திருக்கிறார். இதைவிடப் பொருத்தமாக நான் யோசித்திருக்க முடியாது. கவரில் போட்டு மூடினேன்.

மூடியிருக்கக் கூடாது. இன்னொரு முறை நன்றாகப் பார்த்திருக்கவேண்டும். அதை என் தொழில் பிழை என்று ஒப்புக்கொள்கிறேன்.

நினைவு ஆராதனை போன ஞாயிறு சாயங்காலம், சபை ஹாலில். கூட்டம் தொடங்குவதற்கு முன் கிட்டாரை டீச்சர் கையில் கொடுத்தேன். போதகர் இருந்தார், வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள், ஆர்ஷா டீச்சர் பக்கத்தில் நின்றாள். டீச்சர் கவரின் ஜிப்பை இழுத்தார். வெளியே எடுத்தார்.

வலது கை பலகைமேல் அங்கங்கே போய் நின்றது. பழகின வீட்டில் கரண்டு போனால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்போமே, அப்படி.

"ஸ்டிக்கரு…"

"பசை பாலிஷை அரிச்சுட்டு இருந்தது டீச்சர். இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தா மரமே போயிருக்கும். எல்லாத்தையும் எடுத்து க்ளீன் பண்ணியாச்சு. ஒரு கீறல் விழல்ல. பாருங்க."

போதகர் எட்டிப் பார்த்து, "நல்ல காரியம் செய்திருக்கிற" என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். இரண்டு வாரத்துக்கு முன் மன்னிப்புக் கேட்ட ஆளிடம் உடனே குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ஆமா மக்கா. நல்ல விருத்தியா, சுத்தமா இருக்கு," என்றார். கை மட்டும் தேடிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் சார் நான் ஒரு வருடம் காத்திருந்தேன். அது எனக்குக் கிடைத்தது. மற்றது எப்படிப் போனாலும், கிடைத்தது கிடைத்ததுதான்.

ஹாலின் மேற்கு ஜன்னல் திறந்திருந்தது. டீச்சர் நன்றாகப் பார்ப்பதற்காகக் கிட்டாரை அந்தப் பக்கம் திருப்பினார். வெயில் பலகையில் சரிந்து விழுந்தது. வெளிறிய வடிவங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முதல் வடிவத்தில் விரலை வைத்தார். "மார்த்தாண்டம்," என்றார். அடுத்தது. "கருங்கல். அங்க மழ பெய்து பந்தல் ஒழுகிச்சு. பாட்ட நிறுத்தாம வாசிச்சோம்னு சொன்னான்." அடுத்தது. வாய்ப்பாடு சொல்லுகிற பிள்ளை மாதிரி, தப்பாமல். நான் எடுத்து எரித்த ஊர்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப அந்தந்த இடத்தில் வைத்துக்கொண்டே போனார். இருபத்திரண்டு முடிந்தது.

"இது ஒண்ணுதான் எனக்குத் தெரியாதது," என்றார் பக்கத்தில் நின்றவளிடம். "சக்கைக்குக் கண்ணாடி போட்ட படம் மோளே. இப்ப வெறும் தடம்தான் இருக்கு. உனக்கு ஏதாவது தோணுதா?"

ஆர்ஷா குனிந்து பார்த்தாள். முள்முள்ளான ஓரம். இரண்டு பக்கமும் கண்ணாடிக் காம்பு காதுபோல நீட்டிக்கொண்டு நிற்கிறது. உலகத்தில் வேறு எந்தச் சக்கைக்கும் அந்த ஓரம் கிடையாது.

"இது நான் வரச்சது ஆன்ட்டி," என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். அவள் குரல் உயரவே இல்லை. அந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி.

"எடா பிரஜினே. எலெக்‌ஷன் ஸ்டிக்கரு பிரஸ்ஸுல இருந்து, ஷாஜி போன அந்தச் சனியாழ்ச்ச பதினோரு மணிக்கல்லே உன் கையில கிட்டினது? நீ பொதி பிரிக்கவே இல்ல, அப்படியே எரிச்சாச்சுன்னல்லே என்கிட்ட சொன்னே?"

"ஆமா."

"ஷாஜி பத்து மணிக்கே கிட்டாரை இங்க வச்சுட்டுப் போனான்னல்லே எல்லாரும் சொன்னது? பின்னே இது இதுல எப்படி வந்தது?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை பஜாரில் அந்த ஸ்டிக்கரை அச்சடித்த பிரஸ்ஸில் நான் எத்தனையோ மத்தியானம் உட்கார்ந்திருக்கிறேன். அச்சடிக்கிற துணித் திரையில் மருந்து பூசி, மேலே படத்தை வைத்து, முற்றத்தில் வெயிலில் காட்டுவார்கள். படம் மறைத்த இடம் ஒரு மாதிரி, வெயில் பட்ட இடம் வேறு மாதிரி. படத்தை எடுத்துவிட்டாலும் உருவம் திரையில் நிற்கும். இந்த வேலையை இத்தனை தடவை பார்த்தவன், அதே வேலையை ஒரு கிட்டார் ஒரு வருடமாகச் செய்திருப்பதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, சந்தோஷப்பட்டுக் கவரில் போட்டு மூடினேன். ஷாஜி உயிரோடு இருந்தால் சொல்லிச் சிரிப்பான்.

இனி நீங்கள் கேட்டதை எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை பதினொன்றுக்கு ஸ்டிக்கர் பொதியை வாங்கினேன். கல்லூரி யூனியன் தேர்தலில் சேர்மன் வேட்பாளர் ஒருவரைக் கேலி செய்வதற்காக அடித்தது. முதல் ஒன்றைப் பிரஸ்ஸிலேயே கத்தரிக்கோல் வாங்கி ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்தேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஷாஜி கிட்டாரோடு நின்றிருந்தான். விழிஞ்ஞத்துக்குப் போகலாம், கடலைப் பார்த்துக்கொண்டே தேர்தல் பாட்டுக்கு மெட்டுப் போடலாம் என்று சொன்னது நான். டீச்சர் சொன்னது சரி. அவன் தனியாகப் போகிற ஆள் அல்ல.

துறைமுகத்துக்குத் தள்ளி, பாறைமேல் உட்கார்ந்தோம். சக்கையை அவன் கிட்டாரில் ஒட்டினேன்.

"எடா, எல்லாம் வசனமுள்ள ஸ்டிக்கரு. இடையில சக்கையா? அம்மா கண்டா என் தொலிய உரிப்பா," என்றான். சிரித்தான். பிறகு கம்பியை இழுத்து ஒரு சத்தம் எழுப்பினான்.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு எட்டு மாதத்துக்கு முன், கல்லூரிக் கலைவிழாவில் நான் மலையாளத்தில் மோனோ ஆக்ட் போட்டேன். இடையில் என் தமிழ் வாடை ஓரிடத்தில் எட்டிப் பார்த்துவிட்டது. ஷாஜி மேடைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கம்பியை வளைத்து, பூனையை மிதித்தது போல ஒரு சத்தம் விட்டான். ஹால் முழுக்கச் சிரித்தது. அதன்பிறகு என்னைக் கண்டால் பிள்ளைகள் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போடுவார்கள். அவனும் தமிழன்தான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த எட்டு மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவைக்கு மேல் அதை நினைத்ததே இல்லை.

பாறைமேல் அதே சத்தத்தைப் போட்டான். அவன் கழற்றி வைத்திருந்த செருப்பில் ஒன்றை நான் காலால் தட்டிவிட்டேன். அது கீழ்ப்பாறையில் போய் விழுந்தது. நாலைந்து அலைக்கு ஒரு தடவை தண்ணீர் ஏறுகிற பாறை. அதை நான் உட்கார்ந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"எடா, புதுச் செருப்பு. அம்மா கேப்பா," என்றான். கிட்டாரை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினான். அவனுக்கு நீச்சல் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அலை ஏறி அவனை இழுத்துக்கொண்டது. தண்ணீருக்குள் கையைக் கையை ஆட்டியது மேடையில் கோமாளி வேடம் போட்டவன் மாதிரி இருந்தது. ஐம்பதடி தள்ளி மூன்று பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் போட்டால் திரும்புவார்கள். முதலில், நான் சிரித்துக்கொண்டிருந்ததால் கூப்பிடவில்லை. பிறகு, சிரித்துவிட்டேன் என்பதால் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நேரம் கேட்டால் சொல்லமுடியாது. ஒரு பாட்டின் பாதி இருக்கும்.

கிட்டாரைக் கவரில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து, ஹால் சாவி இருக்கும் இடம் குழுவில் எல்லாருக்கும் தெரியும் என்பதால், அதன் மூலையில் வைத்தேன். மீதிப் பொதியைப் பிறகு எரித்தேன், கிட்டாரில் ஒட்டின சக்கையை மறந்துவிட்டேன். மறந்தது ஓரம் எளகி, பசை கேட்டு, மூன்று மாடி ஏறி என்னிடமே வந்தது. அதை மட்டும் பிய்த்திருந்தால் எங்கே என்று கேட்பார். ஒன்றை எடுத்தால் களவு, எல்லாவற்றையும் எடுத்தால் துப்புரவு. பழிவாங்கத்தான் செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்தவில்லை. இரண்டுக்கும் ஒரே டிரையர்தான் தேவைப்பட்டது.

டீச்சர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், கிட்டாரும் மடியில் இருக்கிறது என்று டீ கொண்டுவந்த ரைட்டர் சொன்னார். நான் பார்க்கவேண்டாம். ஆனால் அவருக்கு ஒன்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவர் பேசினது கண்டு பேசினது அல்ல, தோணிப் பேசினது, கைநீட்டினதும் தப்பு, அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நானும் மன்னித்திருக்கிறேன். இப்போது இப்படியெல்லாம் தெரியவந்துவிட்டது என்பதற்காக அவர் சங்கடப்படவேண்டாம். திருவிருந்து எடுத்துக்கொள்ளட்டும். நான் மன்னித்தது மன்னித்ததுதான். சொன்ன வார்த்தையிலிருந்து மாறமாட்டேன்.